கொட்டேஷன் போட ஒருவர் உட்கார்ந்தால், உளி பிடிப்பது யார்?

'அண்ணே, ஆறடி அம்மன் சிலை. என்ன ரேட் வரும்?' கல் சிற்பத்துக்குப் பேர்போன குமரி மாவட்டம் மயிலாடியில், இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியாது. உயரம், கல், வேலைப்பாடு, லாரி வாடகை எல்லாமே ஆர்டருக்கு ஆர்டர் மாறும். ஒவ்வொரு முறையும் புதுசா கணக்குப் போடணும்.

சிக்கல் எங்கே?

கணக்குப் போடத் தெரிந்தவர் மூத்த சிற்பிதான். முகம் செதுக்கவும் அவரேதான் வேணும். உதாரணமா, மாதம் 10 விசாரிப்பு, ஒன்றுக்கு அரை நாள் என்றால் 5 நாள் போச்சு. இரண்டு மட்டும் ஆர்டரானால், ஒரு ஆர்டரைப் பிடிக்கவே இரண்டரை நாள் செலவு. அது விலையில் ஏறாவிட்டால் லாபத்தில்தான் அடி.

அவசரமா போட்டுக் கொடுத்தால்?

20 நாள் வேலையை 14 நாள் என்று எழுதினால், 6 நாள் கூலி கைக்காசு. கும்பாபிஷேகத் தேதியோ நகராது.

அப்போ இரண்டுக்கும் தனித்தனி ஆளா?

சின்னப் பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. கன்னியாகுமரியின் 133 அடி வள்ளுவர் சிலையைப் பாருங்க. 1990-இல் வேலை தொடங்கி, 2000 ஜனவரி 1-இல் திறக்கப்பட்டது. 3,681 கற்கள். வடிவமைத்த கணபதி ஸ்தபதியே கட்டி முடிக்கவும் பொறுப்பேற்றார். கணக்கு போட்டவர் வேலையை விட்டு விலகாததுதான் ஸ்தபதி மரபின் பலம்.

என்ன செய்யலாம்?

* சும்மா விசாரிப்பவருக்கு 'இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை' என்று போனிலேயே சொல்லுங்க. அளவும் தேதியும் உறுதியா சொல்பவருக்கே முழுக் கணக்கு.

* கணக்குக்கு நேரம் ஒதுக்குங்க. காலையில் ஒரு மணி நேரம் போதும். மற்ற நேரம் உளிக்கு.

* கையில் மூணு மாத வேலை இருந்தால் ஆள் பட்டறைக்கு. ஒரு மாதத்துக்கும் குறைஞ்சா, கணக்குக்குக் கூடுதல் நேரம்.

* எழுதிய நாள், உண்மையில் பிடித்த நாள் இரண்டையும் ஒரே நோட்டில் குறிங்க. அடுத்த கொட்டேஷனை இளையவர் அதைப் பார்த்தே போடுவார். மூத்தவர் சரிபார்த்தால் போதும்.

பட்டறையைக் கையில் எடுக்கும் அடுத்த தலைமுறை, புது மெஷினுக்கு முன்னால் வாங்க வேண்டியது அந்த நோட்டைத்தான்.