பெயின்ட் இல்லை, புகை! கரிகிரி கறுப்புப் பானையின் ரகசியம்

ஆம்பூர் என்றால் பிரியாணியும் தோல் ஷூவும். வேலூர் பக்கத்துக் கரிகிரி என்றால் பலருக்கும் தொழுநோய் மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். ஆனால், அந்த ஊருக்கு மண்பாண்டத்திலும் பழைய பெயர் உண்டு. கறுப்பும் சிவப்புமாக மினுமினுக்கும் ஜாடிகளைப் பார்ப்பவர்கள், கறுப்பை பெயின்ட் என்றே நினைப்பார்கள். அது புகை!

நம்ம ஊர் களிமண்ணில் இரும்புச் சத்து அதிகம். சூளைக்குள் காற்று தாராளமாகப் போனால் பானை சிவக்கும். அதே சூளையில் கடைசி நேரத்தில் வைக்கோலையோ உமியையோ போட்டு, எல்லா ஓட்டைகளையும் மண் பூசி அடைத்துவிட்டால் புகைக்கு வெளியேற வழியில்லை. அதன் கரி, மண்ணின் நுண்துளைகளில் புகுந்து தங்கிவிடும். வேகவைக்கும் முன்பே கூழாங்கல்லால் தேய்த்து வைத்த பானை என்றால் பளபளப்பும் சேர்ந்துகொள்ளும்.

இந்த வித்தை மிகப் பழையது. திருப்பத்தூர் அருகே பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறை 1964-65, 1967-68 ஆண்டுகளில் தோண்டியபோது, உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பானை ஓடுகள் கிடைத்தன. ஒரே பானையில் எப்படி இரண்டு நிறம்? உமியிலோ சாம்பலிலோ பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலர் சொல்லும் விளக்கம். வாய் புதைந்திருப்பதால் உள்ளே காற்று போகாது. வெளிப்பக்கம் தீயில் சிவக்கும்.

கேட்க எளிதுதான். செய்து பார்ப்பவர்கள் தோற்பது பொறுமையில். பானை எப்படி வந்திருக்கிறதோ என்ற ஆவலில் சூடு ஆறும் முன் சூளையைப் பிரித்தால், காற்று பட்டுக் கரி எரிந்து, கறுப்பு மறைந்து திட்டுத்திட்டாகச் சிவந்துவிடும். அத்தனை நாள் உழைப்பும் வீண். ஆறும்வரை கை வைக்கவே கூடாது.

பொறுமை இருந்தாலும் மண் வேண்டுமே! பாலாற்றைக் கெடுத்த தோல் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்பளித்தது. உப்பு ஏறிய மண்ணில் வனைந்தால், காயும்போது பானைமேல் வெள்ளை பூக்கும். கறுப்புப் பானையில் அது பளிச்சென்று தெரியும். அதனால் நல்ல ஏரி மண் கிடைப்பதே பெரிய விஷயம். ஏரி, குளங்களில் இலவசமாக மண் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தரும் ஏற்பாட்டைத் தமிழக அரசு 2024-ல் கொண்டுவந்தது. முன்பு இதற்கே மாவட்டத் தலைநகர் வரை அலைய வேண்டியிருந்தது.

மழைக்காலத்தில் பானையும் காயாது, சூளையும் பற்றாது. அந்த மாதங்களுக்கு அரசு தரும் நிவாரணம் 5,000 ரூபாய்.