இரண்டு ஊர், ஒரே வலையமைப்பு

தலைமை அலுவலகத்தின் கணக்குக் கணினியை வேறோர் ஊரின் கிளையில் இருப்பவர்கள் அடுத்த அறையில் உள்ளதைப் போலவே பயன்படுத்த வேண்டுமானால், தொலைபேசி நிறுவனத்திடம் தனித் தடம் ஒன்றை வாடகைக்கு எடுப்பதே முன்பு பெரும்பாலும் வழியாக இருந்தது. அந்தப் பெருஞ்செலவு இல்லாமல், பொது இணையத்தின் ஊடாகவே தனிப்பாதை வகுத்துத் தருவது ‘விபிஎன்’ எனப்படும் மெய்நிகர் தனியார் வலையமைப்பு.

இணையத்தில் தரவு, பொதி எனப்படும் சிறு துண்டுகளாகவே செல்கிறது. கிளையின் ரவுட்டர் ஒவ்வொரு பொதியையும் மறையாக்கம் செய்து, அதாவது சாவி உள்ளவர் மட்டுமே படிக்கக்கூடிய வடிவுக்கு மாற்றி, மறுமுனை ரவுட்டரின் முகவரி எழுதிய புதிய உறைக்குள் இட்டு அனுப்ப, அது அங்கே பிரிக்கப்பட்டு உரிய கணினியைச் சேர்கிறது. அந்தச் சாவியைக் கம்பிவழியே அனுப்பாமலே இரு முனைகளும் தனித்தனியே கணக்கிட்டுக்கொள்ளும் அழகான முறையை 1976இல் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்டனர். 1995இல் முதல் வரையறை பெற்ற ‘ஐபிசெக்’, 2020இல் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவில் சேர்ந்த ‘வயர்கார்டு’ ஆகிய விபிஎன் நெறிமுறைகள் இரண்டும் இன்று அந்த அடித்தளத்தின்மீதே நிற்கின்றன.

மறையாக்கத்தைக் கருவிகளே பார்த்துக்கொள்கின்றன. அமைப்பவரின் உண்மையான உழைப்பு முகவரித் திட்டத்தில்தான் இருக்கிறது. அலுவலகங்களின் உட்பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்ட முகவரிகளுள் 192.168.1 என்று தொடங்கும் வரிசையுடனேயே கடையில் வாங்கும் ரவுட்டர்கள் பலவும் வருவதால், இரு அலுவலகங்களிலும் அதே வரிசை அமைந்துவிடுவது வெகு சாதாரணம். அந்நிலையில் கிளைக் கணினி 192.168.1.10 என்ற முகவரியைத் தேடும்போது, அது தன் கட்டடத்துக்குள்ளேயே இருப்பதாகக் கருதி அங்கேயே விசாரிப்பதால், தலைமை அலுவலகக் கணக்குக் கணினிக்குப் பதிலாக உள்ளூர் அச்சுப்பொறி பதில் சொல்லக்கூடும். பாதை பழுதின்றித் திறந்திருந்தும் பொதி அதனுள் நுழைவதே இல்லை. ஆகவே ஒன்றுக்கு 10.1, மற்றதற்கு 10.2 என வரிசைகளை முன்கூட்டியே பிரித்துவிடுவது நல்லது. முகவரியை நடுவழியில் மாற்றிக் காட்டும் உத்தியாலும் சமாளிக்கலாம் என்றாலும், அது பின்னாளில் ஒவ்வொரு பழுதுபார்ப்பையும் சிக்கலாக்கிவிடும்.

அடுத்த இடர் உறையின் பருமனால் வருவது. ஈத்தர்நெட்டில் ஒரு பொதியின் வழக்கமான உச்ச அளவு 1,500 பைட்டு. வயர்கார்டின் உறை 60 அல்லது 80 பைட்டை எடுத்துக்கொள்வதால், உள்ளே செல்லும் பொதி பொதுவாக 1,420 பைட்டுக்குள் அடங்க வேண்டும். இதைச் சரிசெய்யாவிட்டால், சிறிய சோதனைப் பொதிகள் ஒழுங்காகப் போய்வந்து, கடவுச்சொல் கேட்கும் திரையும் தோன்றி, பெரிய பட்டியல் ஒன்றைத் திறக்கும்போது மட்டும் எல்லாம் உறைந்து நிற்கக்கூடும்.

பாதை சீராக ஓடத் தொடங்கியதும், கிளையிலிருந்து எந்தக் கணினியை, எந்தச் சேவைக்காக அணுகலாம் என்பதைத் தீயரணில், அதாவது போக்குவரத்தைச் சலிக்கும் காவல் அமைப்பில், வரையறுத்தாக வேண்டும். கிளையில் வைரஸ் தொற்றிய கணினி அனுப்புவதையும் விபிஎன் அதே கவனத்தோடு மறையாக்கித் தலைமை அலுவலகத்தில் சேர்த்துவிடும்.