பக்கத்தில் இருப்பதை முதலில் பார்ப்போம்



கண்டுணர் பயணம் என்றால் வெளி மாவட்டத்துக்கு வேன் பிடித்துப் போவதுதான் என்று நினைக்கிறோம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் சென்னையில் தேடிப்போய்ப் பார்க்கும் இடங்கள் நம்ம வண்டலூரைச் சுற்றியே இருக்கு. அங்கே நம்ம உறுப்பினர்களில் பலர் இன்னும் போனதில்லை. "அதெல்லாம் படிச்சவங்களுக்கு, நமக்கு எதுக்கு?" என்ற எண்ணம்தான் காரணம். இவை எல்லாருக்குமான இடங்கள். மூன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

1. எழும்பூர் அருங்காட்சியகம்

மியூசியம் என்று நாம் சொல்லும் இந்த இடம் 1851-ல் தொடங்கப்பட்டது. வண்டலூரில் மின்சார ரயில் ஏறினால் நேராக எழும்பூர். அங்கிருந்து பாந்தியன் சாலைக்கு நடந்தே போகலாம்.

1863-ல் ராபர்ட் புரூஸ் பூட் என்ற ஆய்வாளர் நம்ம பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். ஆதிமனிதர்கள் கையால் செதுக்கியது அது. இந்தப் பகுதியில் அவ்வளவு பழங்காலத்திலேயே மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி. அவர் சேகரித்த கருவிகள் இந்த மியூசியத்துக்குத்தான் வந்தன. ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்த பொருட்கள், அமராவதிச் சிற்பங்கள், திருவாலங்காடு நடராஜர் உள்ளிட்ட ஐம்பொன் சிலைகள் எல்லாம் இங்கே உண்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை.

2. வண்டலூர் உயிரியல் பூங்கா

நம்ம ஊர்ப் பூங்காவும் பிறந்தது அந்த மியூசியத்தில்தான்! அதன் பொறுப்பாளராக இருந்த எட்வர்டு பால்ஃபர் என்ற டாக்டர் 1855-ல் அங்கே விலங்குகளை வளர்க்கத் தொடங்கினார். கூட்டம் பெருகியது. பிறகு விலங்குகள் சென்ட்ரல் பக்கம் மாறின; அங்கும் இடம் போதாமல் 1985-ல் வண்டலூருக்கு வந்தன. இன்று சுமார் 600 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 1,500 ஏக்கர். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

3. தட்சிணசித்ரா, முட்டுக்காடு

கேளம்பாக்கம் சாலையில் போய், கோவளம் வழியாக கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் முட்டுக்காடு. 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திராவின் பழைய வீடுகளை ஊரிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடும் உண்டு, நெசவாளர் வீடும் உண்டு. கைவினைஞர்கள் அங்கேயே செய்து காட்டி விற்கிறார்கள். இதற்கும் செவ்வாய் விடுமுறை.

நமக்கு என்ன லாபம்?

கூடை பின்னுகிற, மண்பாண்டம் செய்கிற, தையல் வேலை பார்க்கிற சகோதரிகள் நம்மிடம் நிறைய. வியாபாரி கேட்கிற விலைக்குக் கொடுத்துவிட்டு வருகிறோம். காரணம், "இது சாதாரண வேலைதானே" என்று நாமே நினைப்பது. நம் பாட்டி புழங்கிய முறமும் பானையும் பாதுகாத்து வைக்கிற பொருளாக இருப்பதையும், அதைப் பார்க்க மக்கள் டிக்கெட் வாங்கி வருவதையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள். அடுத்த தடவை விலை சொல்லும்போது குரல் தானாக உயரும். எப்படி அடுக்குகிறார்கள், என்ன விலை போடுகிறார்கள், வாங்குகிறவர் எதைக் கேட்கிறார் என்பதையும் கவனித்து வரலாம். இது நூறு பயிற்சி வகுப்புக்குச் சமம்.

போவதற்கு முன்

• கூட்டத்தில் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். கடன் கொடுக்கும் பணத்தில் கை வைக்காமல், பயணத்துக்கென்று மாதாமாதம் தனியாகச் சேமிக்கலாம்.
• கட்டணமும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும். குழுவாக வந்தால் சலுகை உண்டா என்றும் ஊக்குநர் முன்கூட்டியே கேட்டு வைக்கட்டும்.
• படிக்கத் தெரியாதவர்கள் தயங்க வேண்டாம். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். எழுதியிருப்பதை அவர்கள் படித்துச் சொல்லட்டும்.
• ஒரே நாளில் ஒரே இடம் போதும். கட்டுச்சோறும் தண்ணீரும் எடுத்துப் போங்கள். சாப்பிட எங்கே அனுமதி என்று அங்கே கேட்டுக்கொள்ளுங்கள்.
• வயதானவர், கைக்குழந்தைக்காரர் ஆகியோரையும் விட்டுவிடாதீர்கள். அவர்களால் எவ்வளவு நடக்க முடியுமோ, அவ்வளவு பார்த்தால் போதும்.

"வீட்டில் விடமாட்டாங்க" என்று சில சகோதரிகள் சொல்வார்கள். தனியாகக் கேட்டால் கிடைக்காத சம்மதம், குழுவாகப் போய்க் கேட்டால் கிடைக்கும். வங்கிப் படியேற ஒரு காலத்தில் பயந்த நாம், இன்று மேனேஜரிடமே கேள்வி கேட்கவில்லையா? இதுவும் அப்படித்தான்.

அடுத்த மாதக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்துப் பேசுங்கள். போய் வந்த குழுக்கள், பார்த்ததையும் கற்றதையும் கூட்டமைப்புக் கூட்டத்தில் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள்.