பெருவழியும் வழி சொல்லும் கற்களும்

சென்னையிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்படும் பெருஞ்சாலைக்கு ஆங்கிலேயர் ஆட்சியில் ‘கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு’ என்ற பெயர் வழங்கியது. அந்த நீண்ட பெயரை நம் மக்கள் ‘ஜி.எஸ்.டி. ரோடு’ என்று சுருக்கிக்கொண்டனர். 2017ஆம் ஆண்டில் அதே மூன்றெழுத்தில் ஒரு வரியும் வந்து சேர்ந்தது. அன்றுமுதல் அப்பெயரைக் கேட்டதும் சிலர் சாலையை நினையாமல் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கின்றனர். நான் சொல்லவந்தது சாலையைப் பற்றித்தான். அதிலும் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட, நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான பகுதியையும், அங்கே கல்லிலும் தகட்டிலும் எழுதி வைத்திருப்பவற்றையும் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

சாலைக்கு எழுத்து எதற்கு? ஆஸ்திரேலியாவின் நட்ட நடுவே, வடக்கே டார்வினிலிருந்து தெற்கே போர்ட் அகஸ்டா வரை ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை என்று ஒன்று ஓடுகிறது. அதன் நீளம் 2,700 கிலோமீட்டருக்கு மேல். முழுவதும் தார் போட்டு முடிந்தது 1987இல்தான். ஊரே இல்லாத அந்தப் பாலையில், அடுத்த பெட்ரோல் எத்தனை தொலைவில் கிடைக்கும் என்பதும், கங்காரு குறுக்கே வரக்கூடும் என்பதுமே பலகைகள் சொல்லும் முக்கியமான செய்திகள். நம் சாலையின் நிலை இதற்கு நேர் எதிரானது. இங்கே ஊருக்குப் பஞ்சமில்லை. எந்த ஊரை எழுதுவது, எதை விடுவது என்பதே இடர்ப்பாடு.

வழியில் கல் நாட்டித் தொலைவு எழுதும் வழக்கம் நமக்கு ஆங்கிலேயர் கற்பித்ததன்று. தருமபுரிப் பகுதியில் கண்டெடுக்கப்பட்ட, கி.பி. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கற்கள் இரண்டு, அதியமான் பெருவழியில் நாவல்தாவளம் என்னும் ஊருக்கு உள்ள தொலைவை 27 காதம், 29 காதம் என்று காட்டுகின்றன. தொலைவை எழுத்திலும் எண்ணிலும் பொறித்ததோடு நில்லாமல், எழுத்தறியாதவரும் எண்ணிக்கொள்ளுமாறு குழிகளாகவும் செதுக்கியிருக்கிறார்கள். படிக்கத் தெரியாதவனும் வழிப்போக்கனே என்பதை அக்கல்லை நாட்டியவர் மறக்கவில்லை. காதம் என்பது இடத்துக்கு இடம் வேறுபட்ட அளவு. ஆயினும் கல்லின் கருத்து தெளிவானது.

எழுத்தே இல்லாத அடையாளங்களும் இருந்தன. தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கற்கள் இருந்தன. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அவற்றை நாட்டுவது நம் நாட்டு வழக்கம். கூலிக்காரன் அந்தக் கல்லைக் கண்டதும், இங்கே நிற்கலாம், அருகே தண்ணீரும் நிழலும் கிடைக்கும் என்று அறிந்துகொள்வான். நிழல் என்றதும் புளியமரம் நினைவுக்கு வருகிறது. திண்டிவனம் என்ற பெயரையே திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு, என்பதன் திரிபாகக் கூறுவர். சாலையின் இரு மருங்கிலும் நிழல் தந்த புளியமரங்களின் அடியில் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை தீட்டியிருப்பார்கள். இரவில் வண்டி ஓட்டுவோனுக்குச் சாலையின் விளிம்பு எது என்பதை அப்பட்டைகளே காட்டின. சாலை நான்கு தடமாக விரிந்தபோது மரங்கள் போயின. அவற்றோடு அந்த அடையாளமும் போயிற்று.

ஆங்கிலேயர் காலத்தில் மைல் கல்லும் பர்லாங்குக் கல்லும் வந்தன. எட்டுப் பர்லாங்கு ஒரு மைல். ‘ஊர் இன்னும் ரெண்டு பர்லாங்குதான்’ என்று சொல்லும் பெரியவர்களை நான் இப்பகுதியில் பலமுறை கேட்டிருக்கிறேன். 1956ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டத்தால் மெட்ரிக் முறை வந்தது. மைல் மறைந்து கிலோமீட்டர் ஏறியது. ஒரு மைல் என்பது 1.6 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆகவே பழைய கல் நின்ற இடத்திலேயே புதிய எண்ணை எழுதிவிட முடியாது. கற்களை வேறு இடங்களில் நாட்டவேண்டியிருந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இப்போது ஒரு கிலோமீட்டருக்குள் 200 மீட்டருக்கு ஒன்றாகச் சிறு கற்கள் நடுகிறார்கள். ஒரு பர்லாங்கு என்பது 201 மீட்டர்! பெயரைத் துரத்திவிட்டார்கள், அளவு மட்டும் வேறு பெயரில் அங்கேயே நிற்கிறது.

கல்லின் தலையில் உள்ள வண்ணத்தையும் கவனிக்க வேண்டும். மஞ்சள் தலை தேசிய நெடுஞ்சாலைக்கு; பச்சைத் தலை மாநில நெடுஞ்சாலைக்கு. சாலைகளை இப்படித் தேசியம், மாநிலம், மாவட்டம், கிராமம் என்று வகுத்தது, 1943ஆம் ஆண்டு நாகபுரியில் கூடிய தலைமைப் பொறியாளர்களின் திட்டம். 1956ஆம் ஆண்டில் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் வந்தபோது, சென்னை, திருச்சி, திண்டுக்கல் ஆகிய ஊர்களை இணைக்கும் நம் சாலைக்கு 45 என்ற எண் கிடைத்தது. பின்னர் அது தேனி வரை நீண்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் வழங்கிய அந்த எண்ணை 2010ஆம் ஆண்டின் மறு எண்ணீடு மாற்றிவிட்டது.

புதிய எண்களைக் குறை கூறுவோர் பலர். ஆயின் அவற்றின் உள்ளே ஓர் ஒழுங்கு இருக்கிறது. தெரிந்துகொண்டால் வழி கேட்காமலே திசை அறியலாம். வடக்கு தெற்காக ஓடும் சாலைகளுக்கு இரட்டைப்படை எண். கிழக்கிலிருந்து மேற்கே போகப் போக எண் ஏறும். கடற்கரையை ஒட்டிச் சென்னையிலிருந்து திண்டிவனம், புதுச்சேரி வழியாகத் தூத்துக்குடி செல்வது 32. விக்கிரவாண்டியில் பிரிந்து கும்பகோணம், தஞ்சை செல்வது 36. வேலூரிலிருந்து திருவண்ணாமலை, விழுப்புரம், திருச்சி வழியே வருவது 38. மேற்குக் கடற்கரைக்குப் போனால் அங்கே 66. கிழக்கு மேற்காக ஓடுபவை ஒற்றைப்படை. வடக்கிலிருந்து தெற்கே வர எண் ஏறும். ஆகவே காசுமீரத்தில் 1, கிருஷ்ணகிரியிலிருந்து செஞ்சி வழியாகத் திண்டிவனம் வருவது 77, தனுஷ்கோடிப் பக்கம் 87. மூன்று இலக்க எண் என்றால் அது கிளைச்சாலை. கடைசி இரண்டு இலக்கங்கள் தாய்ச்சாலையைச் சொல்லும். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரையுள்ள நம் பகுதி இப்போது 132. அதாவது 32இன் கிளை. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்வது 332.

ஒழுங்கு இருப்பது உண்மையே. ஆனாலும் சென்னையிலிருந்து திருச்சிக்கு நேராகப் போகிறவன், திண்டிவனம் வரை 32, பிறகு 132, விழுப்புரம் தாண்டி 38 என்று ஒரே சாலையில் மூன்று எண்களைக் கடக்கிறான். வண்டியைத் திருப்பாமலே சாலை மாறிவிடுகிறது. ஓட்டுநர்கள் இன்றும் ‘நாற்பத்தைந்து’ என்று சொல்வதில் எனக்கு வியப்பில்லை.

இனி அந்த நாற்பது கிலோமீட்டரைப் பாருங்கள். திண்டிவனத்தைக் கடந்தால் கூட்டேரிப்பட்டு. மயிலம் முருகன் கோயிலுக்குப் பிரியும் இடம். பின் பேரணி, விக்கிரவாண்டி, அங்கே சுங்கச்சாவடி, அடுத்து மருத்துவக் கல்லூரி உள்ள முண்டியம்பாக்கம், அதன்பின் விழுப்புரம். இவற்றிடையே எத்தனையோ சிற்றூர்கள். மாட்டு வண்டி மணிக்கு நான்கு கிலோமீட்டர், அதாவது நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் செல்லும். இருபது மீட்டரிலிருந்து படிக்கக்கூடிய கல்லைப் படிக்க, வண்டிக்காரனுக்கு ஏறத்தாழ இருபது நொடி கிடைத்தது. மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 28 மீட்டர் கடந்துவிடும். அவனுக்கு அந்தக் கல் இருந்தும் இல்லாததே. அதனால்தான் எழுத்து பெரிதாயிற்று. பலகை தலைக்குமேல் ஏறிற்று. பச்சையில் வெள்ளை எழுத்தும், முகப்பு விளக்கின் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் பூச்சும் வந்தன. எழுத்து பெரிதானால் பலகையில் இடம் குறையும். இடம் குறைந்தால் சிற்றூரின் பெயர்தான் முதலில் போகும். திருச்சிக்குப் போகிறவனுக்கு விவரம் கிடைக்கிறது. சாலையைக் குறுக்கே கடந்து பள்ளிக்கும் வயலுக்கும் போகிறவர்களின் ஊரை, மின்னல் வேகத்தில் வருகிறவன் ஊர் என்றே அறிவதில்லை. இதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை. அங்கே மனிதர் கடப்பார்கள் என்பதை ஓட்டுநருக்கு உணர்த்துவதில் ஊர்ப்பெயருக்கும் பங்கு உண்டு.

பெயரை எப்படி எழுதுவது என்பதும் எளிதாக இல்லை. விழுப்புரத்தின் ழகரம் ஆங்கிலத்தில் இரட்டை லகரமாகிவிட, வெளிமாநில ஓட்டுநர் ‘வில்லுபுரம்’ என்று கேட்கிறார். இத்தகைய ஆங்கில எழுத்துக்களைத் தமிழ் ஒலிக்கு ஏற்பத் திருத்தி, 2020 சூனில் 1,018 ஊர்ப்பெயர்களுக்கு அரசாணை வந்தது. சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. 2017இல் கிருஷ்ணகிரி, வேலூர் மாவட்டங்களில் 75, 77 எண் சாலைக் கற்களில் ஆங்கிலம் இருந்த இடத்தில் இந்தி எழுதப்பட்டபோது, நாடெங்கும் எதிர்ப்பு எழுந்ததை நேயர்கள் அறிவர். அவற்றுள் 77 நம் திண்டிவனத்தில் வந்து முடியும் சாலையே.

கடைசியாக, பலரும் கவனியாத ஓர் அடையாளம். ஆற்றுப் பாலத்தின் தூணில் வெள்ள அளவைக் காட்டும் கோடுகள் வரைந்திருப்பார்கள். 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அதையொட்டி மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. விழுப்புரத்துக்குத் தெற்கே அரசூரில் நெடுஞ்சாலை மீதே வெள்ளம் பாய்ந்து போக்குவரத்து நின்றது. டிசம்பர் 2ஆம் நாள், விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள இரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியது. அதைக் கண்டதும் இரயில்களை நிறுத்தினார்கள். இரயில்காரர்களுக்கு அந்தக் கோட்டைப் படிக்க ஆள் இருந்தது. படித்தவுடன் என்ன செய்யவேண்டும் என்ற விதியும் இருந்தது. சாலையில் போகிறவனுக்கு அவனே ஓட்டுநர், அவனே காவலாள். இருட்டில், மழையில், முன்னால் ஓடும் தண்ணீர் முழங்கால் அளவா, கழுத்தளவா என்று அவன் எதைக் கொண்டு அறிவான்? வெள்ளம் ஏறும் தாழ்ந்த இடங்களில் அளவுக் கம்பம் நாட்டுவது சாலைப் பொறியாளர் அறியாத கலை அன்று. அதை அவர்கள் தண்ணீர் வந்த இடங்களை இப்போதே குறித்துக்கொண்டு, விளக்கொளியில் மின்னும் எண்களோடு, சாலையின் ஓரத்திலேயே நாட்டவேண்டும். எந்த எண்ணுக்கு மேல் வண்டி இறங்கக்கூடாது என்பதையும் அதிலேயே தமிழில் எழுதிவிடவேண்டும்.