கோமதி அம்மன் சந்நிதியின் சக்கரம்

தாந்திரீகம் என்றதும் மையும் மண்டையோடும் நள்ளிரவுச் சுடுகாடும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. நெல்லைச் சீமையின் அம்மன் கோவில்களைப் பார்த்தால் அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. முக்கூடலில் தாமிரபரணிக் கரை முத்துமாலை அம்மனைக் கும்பிட வருகிறவர்கள் தங்களைத் தாந்திரீகர் என்று சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் இந்தப் பக்கத்து அம்மன் கோவில் எதிலும் ஆகம முறைப்படி குடமுழுக்கு நடந்தால், பீடத்துக்கு அடியில் யந்திரத் தகடு பதிக்கிறார்கள். அஷ்டபந்தன மருந்து சாத்துகிறார்கள். நீர் நிறைத்த கும்பத்துக்கு நூல் சுற்றி, அந்த நூலை நாடிகளாகப் பாவித்து, அம்மனை அதில் எழுந்தருளச் செய்கிறார்கள். பூசை செய்பவரின் விரல் முத்திரையும் தன் உடலைத் தொட்டுச் செய்யும் நியாசமும் தந்திர நெறியின் அங்கங்களே. பட்டப்பகலில், ஊரே கூடி நின்று பார்க்க நடப்பவை இவை.

இதன் உச்சம் சங்கரன்கோவில். சிவனையும் திருமாலையும் ஓருருவாகக் காண கோமதி அம்மன் தவமிருந்த தலம். ஆடித்தபசுக்குச் சீமையே திரளும் இடம். அம்மன் சந்நிதிக்கு முன்னால் தரையிலேயே ஒரு சக்கரப் பள்ளம் இருக்கிறது. திருவாவடுதுறை ஆதீனத்து வேலப்ப தேசிகர் அமைத்த ஸ்ரீசக்கரம் அது என்பது மரபு. அம்மனைத் தந்திர முறையில் வழிபடும் ஸ்ரீவித்யை நெறியில் ஸ்ரீசக்கரம் எளிதில் எட்டுவதல்ல. ஒன்பது முக்கோணங்கள் ஒன்றையொன்று வெட்டி 43 சிறு முக்கோணங்களாக விரியும், நடுவே பிந்து, வெளியே எட்டிதழ், பதினாறிதழ்த் தாமரைகள். குருமுகமாகத் தீட்சை பெற்றவரே அதைப் பூசிக்கலாம் என்பது விதி. குற்றாலத்துப் பராசக்தி பீடத்தில் அது மேரு வடிவில் சந்நிதிக்குள் இருக்கிறது. சங்கரன்கோவிலிலோ மனம் கலங்கியவரும் தீராத நோயுள்ளவரும் அந்தச் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேண்டிக்கொள்கிறார்கள். தீட்சை உண்டா என்று யாரும் கேட்பதில்லை. காவலில் வைக்கப்பட்ட ஒன்றைப் பொதுவில் எடுத்து வைத்ததைத்தான் இத்தலத்தின் பெரும் சாதனையாக நான் மதிக்கிறேன்.

இந்தச் சக்கர வழிபாடு வடமொழிக்காரர்கள் கொண்டுவந்து ஒட்டியது, நம் அம்மனுக்கு அந்நியம் என்பார்கள். திருமந்திரத்தின் நான்காம் தந்திரத்தைப் புரட்டினால் திருவம்பலச் சக்கரமும் புவனாபதி சக்கரமும் நவாக்கரி சக்கரமும் தமிழிலேயே விரிவாகக் கிடக்கின்றன. சக்கரம் திறந்திருந்தாலும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குக் கோவில் வாசல் திறந்திருந்ததா என்ற கேள்வி இன்னும் கனமானது. இல்லை. 1939-ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டத்துக்குப் பிறகே அதற்கு வழி பிறந்தது. அந்தக் குற்றம் சக்கரத்தினுடையது அல்ல, வாசலை அடைத்தவர்களுடையது. மனநோயாளியைக் கோவிலில் உட்காரவைத்தால் சிகிச்சை கெடும் என்பதை நான் மறுக்கமாட்டேன். 2001-இல் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் தீயில் மாண்டார்கள். வேண்டுதல் தரும் ஆறுதல் வேறு, மருந்து செய்யும் வேலை வேறு. நோயாளியைக் கோமதி அம்மனிடம் கூட்டிப்போகும் குடும்பத்தாரே, அதே வாரத்தில் பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் கட்டாயம் கூட்டிப்போங்கள்.