கத்திக்கு முன்னும் பின்னும்

ஓர் அறுவை சிகிச்சையின்போது நோயாளியின் உடலுக்குள் போகும் மருந்துகளை எண்ணினால் பத்தை எளிதில் தொட்டுவிடும். மயக்க மருந்து அவற்றில் ஒன்றுதான். தொற்று வராமலிருக்க ஒன்று, வாந்தியை அடக்க ஒன்று, விழும் ரத்த அழுத்தத்தைத் தூக்கிவிட ஒன்று, தசையைத் தளர்த்த ஒன்று, தளர்ந்த தசையை மீட்க இன்னொன்று. எதை எவ்வளவு தருவது என்று தீர்மானிப்பவர் மருத்துவர். அலமாரியிலிருந்து எடுத்து, பெயரையும் காலாவதித் தேதியையும் பார்த்து, கொடுத்தபின் நோயாளியின் பக்கத்தில் நிற்பவர் பெரும்பாலும் செவிலியர். காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனையிலும், அண்ணாவின் நினைவாக 1969இல் காரப்பேட்டையில் தொடங்கப்பட்ட அரசு புற்றுநோய் மருத்துவமனையிலும் நடைமுறை இதுதான்.

வேலை பல நாள் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. வீட்டில் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற கேள்விக்கு, “சர்க்கரைக்கு ஒண்ணு, பிரஷருக்கு ஒண்ணு” என்பதுதான் வழக்கமான பதில். அது போதாது, மாத்திரை அட்டையையே கொண்டுவரச் சொல்ல வேண்டும். அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்ற பிரஷர் மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் இதயம் தறிகெட்டு ஓடும். அறுவை நாளன்று காலையிலும் ஒரு வாய்த் தண்ணீரோடு அவற்றை விழுங்கவே சொல்வார்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளையோ குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லையென்றால் சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் கூடி ஆளைச் சாய்த்துவிடும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினையும் குளோபிடோகிரலையும் தாமாக நிறுத்தக் கூடாது. அது மருத்துவர்கள் கலந்து பேசி எடுக்கும் முடிவு. நாட்டு மருந்து, சூரணம், லேகியம் ஆகியவற்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். கேட்காவிட்டால் யாரும் சொல்வதில்லை.

அடுத்தது வெறும் வயிறு. மயக்கத்தில் தொண்டையின் காவல் விழுந்துவிடுவதால், இரைப்பையில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். உயிர் போகும் ஆபத்து இது. லேசான உணவு உண்டபின் 6 மணி நேரம், எண்ணெய் நெய் சேர்ந்ததென்றால் 8 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி வேண்டும். கோயில் ஊரில் விரதம் எல்லோருக்கும் பழக்கம்தான், சிக்கலே அங்கேதான். விரதத்தில் பாலும் பழமும் சேர்த்தி. மயக்கவியல் கணக்கில் பால், தண்ணீர் அல்ல, உணவு. வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாதமான மிளகும் சுக்கும் நெய்யும் சேர்ந்த கோயில் இட்லியில் ஒரு விள்ளல் வாயில் போட்டவரும், “ஒண்ணும் சாப்பிடலைம்மா” என்றுதான் சொல்வார். பொய் சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை. பிரசாதம் அவர் கணக்கில் சாப்பாடே இல்லை. ஆகவே “சாப்பிட்டீங்களா?” என்று கேட்பதைவிட, “காலையிலிருந்து வாயில் என்னென்ன போட்டீங்க? பால், காபி, பிரசாதம் ஏதாவது?” என்று பேர் சொல்லிக் கேட்பதே சரி.

கிருமித்தடுப்பு ஊசியில் நேரமே எல்லாம். செஃபசோலின் போன்ற மருந்து, தோலைக் கீறுவதற்கு முந்தைய 60 நிமிடங்களுக்குள் போக வேண்டும். கத்தி படும் தருணத்தில் திசுக்களில் மருந்து நிறைந்திருந்தால்தான் பயன். வார்டிலேயே போட்டு அனுப்பி, தியேட்டர் வாசலில் இரண்டு மணி நேரம் காத்திருக்க வைத்தால் அந்த ஊசி வீண்தான். அறுவை 4 மணி நேரத்தைத் தாண்டினால் செஃபசோலினை மறுபடி தர வேண்டும்.

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் ஈதரை முகரவைத்துக் காட்டியபோது, மயக்கம் என்பது ஒரே மருந்தின் வேலையாக இருந்தது. இன்று அந்த வேலையைப் பல மருந்துகள் பங்கிட்டுக்கொள்கின்றன. தூங்க வைப்பது பால்போல் வெள்ளையான புரோபோஃபால். சோயா எண்ணெயில் கலந்த இந்த மருந்தில் கிருமி விரைவாக வளரும். திறந்ததை அடுத்த நோயாளிக்கு வைத்திருக்கக் கூடாது. வலியை அடக்குவது ஃபென்டனில். தசையைத் தளர்த்த வெக்குரோனியம், அட்ராகுரியம். தூக்கத்தை நீட்டிக்க ஐசோஃப்ளுரேன், செவோஃப்ளுரேன் வாயுக்கள். கடைசியில் தசையை மீட்க நியோஸ்டிக்மின். அதனால் இதயத் துடிப்பு மிகவும் குறைந்துவிடாமலிருக்கக் கூடவே கிளைகோபைரோலேட். தளர்ச்சி முழுக்க நீங்குமுன் நோயாளியை வார்டுக்கு அனுப்பினால், கண் விழித்திருப்பார், ஆனால் மூச்சை இழுக்க வலு இருக்காது.

சிசேரியனுக்கும் இடுப்புக்குக் கீழான அறுவைகளுக்கும் முதுகுத்தண்டு ஊசியே அதிகம். 1898இல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பியர் கோகெயினைக் கொண்டு செய்த முறை இது; இன்று போடுவது ‘ஹெவி’ பூப்பிவக்கெயின். குளுக்கோஸ் கலந்திருப்பதால் இந்த மருந்து தண்டுவட நீரைவிடக் கனமானது, பள்ளமான பக்கம் இறங்கும். ஊசி போட்டபின் நோயாளியை எப்படிப் படுக்க வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே மரத்துப்போகும் எல்லை அமையும். ரத்த அழுத்தம் சட்டென்று விழும். குமட்டுகிறது, தலை சுற்றுகிறது என்று நோயாளி சொல்வதே அதற்கு முதல் அடையாளமாக இருப்பதுண்டு. அப்போது தேட நேரமில்லை. எஃபெட்ரினோ ஃபினைல்எஃப்ரினோ சிரிஞ்சில் ஏற்றித் தயாராக இருக்க வேண்டும்.

இதே ஊசியில்தான் மிகக் கொடிய தவறும் நடக்கிறது. ரத்தப்போக்கை நிறுத்தும் டிரானெக்சாமிக் அமிலம் பிரசவ அறைகளில் உயிர் காக்கும் மருந்து. அதன் கண்ணாடிக் குப்பியும் பூப்பிவக்கெயின் குப்பியும் ஒன்றுபோல் தோன்றுவதால், சிரையில் போட வேண்டியது முதுகுத்தண்டுக்குள் போய்விட்ட நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. போனால் வலிப்பு, இதயத் துடிப்புக் குலைவு. ஏறத்தாழ பாதிப் பேர் இறக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் இதற்கென்றே எச்சரிக்கை விடுத்தது. இந்த மருந்தை ஸ்பைனல் டிரேயின் பக்கத்திலேயே வைக்கக் கூடாது. தனி இடம் வேண்டும். குப்பியை உடைக்குமுன் ஒருவர் பெயரை உரக்கப் படிக்க, மற்றவர் கண்ணால் பார்க்க வேண்டும். மருந்து வரும் கம்பெனி மாறினால் குப்பியின் தோற்றமும் மாறும். ஆகையால் நிறத்தையும் வடிவத்தையும் நம்பி எடுக்கும் பழக்கம், எத்தனை வருட அனுபவமுள்ள கையானாலும், ஆபத்துதான்.

சிரிஞ்சில் ஏற்றிய மறுகணம் லேபிள் ஒட்டுவதும் இதனால்தான். லேபிளுக்குச் சர்வதேச நிறங்கள் உண்டு: தூக்க மருந்துக்கு மஞ்சள், தசைத் தளர்த்திக்குச் சிவப்பு, ஃபென்டனில் வகைக்கு நீலம், மரத்துப்போக வைப்பதற்குச் சாம்பல், ரத்த அழுத்தம் ஏற்றுவதற்கு ஊதா. எதிர் மருந்தென்றால் அதே நிறத்தில் வெள்ளைக் குறுக்குக் கோடுகள். அச்சிட்ட லேபிள் இல்லாத தியேட்டரில் பிளாஸ்திரியில் பேனாவால் மருந்தின் பெயரையும் ஒரு மில்லியில் எவ்வளவு என்பதையும் எழுதினாலும் போதும். பெயர் எழுதாத சிரிஞ்ச் கிடந்தால், உள்ளே இருப்பது எதுவானாலும் குப்பையில்தான் போட வேண்டும்.

அறுவை முடிந்தபின் வலிக்குப் பாராசிட்டமாலும் டைக்ளோஃபெனாக்கும் முதலில் வரும். சிறுநீரகம் பழுதானவருக்கு டைக்ளோஃபெனாக் ஆகாது. புற்றுநோய்க்கான பெரிய அறுவைகளில் மார்ஃபின் வேண்டியிருக்கும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டக் கெடுபிடியால் மருத்துவமனைகளே மார்ஃபினை வாங்கி வைக்கத் தயங்கின. 2014இல் வந்த திருத்தம் அனுமதி முறையை எளிதாக்கியது. வலியில் துடிப்பவருக்கு அடிமையாகிவிடுவார் என்று பயந்து மார்ஃபினை மறுப்பது அநியாயம். கவனிக்க வேண்டியது மூச்சை. நிமிடத்துக்கு 8 முறைக்கும் கீழே மூச்சு இறங்கி, கூப்பிட்டாலும் கண் திறக்காமல் கிடந்தால் ஆக்சிஜன் கொடுத்து, மருத்துவரை அழைத்து, மார்ஃபினை முறிக்கும் நாலாக்சோனை எடுக்க வேண்டும். நாலாக்சோனின் வேகம் மார்ஃபினுக்கு முன்பே தீர்ந்துவிடும். மூச்சு மறுபடி குறையலாம். எனவே நோயாளி எழுந்து பேசிய பிறகும் சில மணி நேரம் மூச்சை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.