கம்பு பூக்கும் காலமும் மழையின் நிலையாமையும்

ஒரே நாளில் விதைத்த வயலிலும் நாட்டுக் கம்பஞ் செடிகள் யாவும் ஒரே நாளில் கதிர் தள்ளுவதில்லை. சில முந்தியும் சில பிந்தியும் பூக்கின்றன. இவ்வேற்றுமையை விதையின் குறை என்று கருதுவோர் பலர். ஆயினும், மழை நிலையில்லாத சீமைகளில் பயிரைப் பல தலைமுறைகளாகக் காத்து வருவது இவ்வேற்றுமையே. கம்பின் தாயகமாகிய மேற்கு ஆப்பிரிக்காவில் கண்ட உண்மைகள் இதனை நன்கு விளக்கும்.

சகாரா பாலைவனத்தின் தென் எல்லையில் சாகேல் என்னும் வறண்ட பிரதேசம் உள்ளது. அங்கே ஆண்டின் மழை முழுவதும் சில மாதங்களுக்குள் பெய்து முடிகிறது. மழைக்காலம் முடியுமுன் பூக்கும் பயிரின் மகரந்தத்தை மழை கழுவிவிடும். ஈரத்தில் மணி பூஞ்சணம் பிடிக்கும். பிற கதிர்கள் முற்றாதபோது முற்றிய கதிரைப் பறவைகள் மொய்த்துத் தின்னும். மழை நின்று நெடுநாள் கழித்துப் பூக்கும் பயிரோ, நிலத்தில் ஈரமின்றி மணி பிடியாமல் பதராகும். ஆகையால் மழை ஓயும் தறுவாயில் பூப்பதே பயிருக்கு அனுகூலம்.

அத்தறுவாயைச் செடி எவ்வாறு அறிகிறது? பகற்பொழுதின் நீளத்தைக் கொண்டு பல செடிகள் பூக்கும் காலத்தை அறிகின்றன என்பதைக் கார்னர், அல்லார்டு என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் 1920-ஆம் வருஷத்தில் வெளியிட்டனர். பகல் குறுகத் தொடங்கினால்தான் பூக்கும் கம்பு ரகங்கள் உண்டு. செனகல் நாட்டில் பயிராகும் சானியோ என்னும் நீண்டகால ரகம் அவ்வகையது. அந்நாட்டின் சூனா என்னும் ரகமோ பகலின் நீளத்தை அவ்வளவாகப் பொருட்படுத்தாது, சுமார் 90 நாட்களில் அறுவடைக்கு வருவது. மழை மிகுந்த தென்பகுதிக்கு முன்னதும், மழை குறைந்த வடபகுதிக்குப் பின்னதும் ஏற்றவை.

மழையின் அளவு பல வருஷங்கள் தொடர்ந்து மாறினால் விதையும் மாறும். கம்பில் சூல்முடி முதலில் வெளிவந்து, மகரந்தம் பின்னரே உதிர்வதால், பெரும்பாலும் அயல் மகரந்தச் சேர்க்கையே நிகழ்கிறது. ஆகவே ஒவ்வொரு வயலிலும் முந்திப் பூக்கும் குணமும் பிந்திப் பூக்கும் குணமும் கலந்தே இருக்கும். மழை முன்னதாக நின்றுபோகும் வருஷத்தில் முந்திப் பூத்தவை மிகுதியாக மணி தருகின்றன. மறு வருஷ விதையில் அவற்றின் சந்ததியே பெருகுகிறது.

நைஜர் நாட்டில் சாகுபடி நிலத்தில் நூற்றுக்கு 65 பங்கு கம்பு பயிராகிறது. 1970-க்குப் பின் அப்பிரதேசத்தில் கடும் வறட்சிகள் நேர்ந்தன. அந்நாட்டுக் கிராமங்களில் 1976-இல் சேகரித்த விதையையும், அதே கிராமங்களில் 2003-இல் சேகரித்த விதையையும் ஒரே இடத்தில் மூன்று போகம் பயிரிட்டு ஒப்பிட்டனர். ரகங்கள் பெரிதும் மாறவில்லை. ஆயினும் பிந்திய விதையின் பயிர் குறைந்த நாட்களில் முற்றியது. செடியும் கதிரும் சிறுத்திருந்தன. ஒளியை உணர்வதற்குரிய ஜீன் என்னும் பாரம்பரியக் கூறு ஒன்றில், முந்திப் பூக்கச் செய்யும் வகை பெருகியிருந்தது. இம்முடிவு 2011-இல் வெளியாயிற்று.

மனிதர் விதை பொறுக்காத இடத்திலும் இவ்வாறே நிகழ்கிறது. அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில் தானே முளைக்கும் ஒருவகைக் கடுகின் விதை 1997-இலும், சில ஆண்டு வறட்சிக்குப் பின் 2004-இலும் சேகரிக்கப்பட்டது. பிந்திய விதையின் செடிகள் ஓரிடத்தில் 1.9 நாளும், மற்றோரிடத்தில் 8.6 நாளும் முந்திப் பூத்தன.

அங்ஙனமாயின் எல்லாச் செடிகளும் முந்திப் பூப்பதே நன்றெனத் தோன்றலாம். அது தவறு. நாட்கள் குறைந்தால் இலையும் தூரும் குறையும். தட்டையும் மகசூலும் குறையும். நல்ல மழை பெய்யும் வருஷத்தில் பிந்திப் பூத்ததே நிறைந்த கதிர் தரும். மழை வருஷந்தோறும் மாறுவதால் எந்த ஒரு குணமும் மற்றதை அடியோடு ஒழிப்பதில்லை. வறட்சி பல்லாண்டு நீடிப்பினும், விதை எடுப்பவர் ஒரே குணத்தை நாடினும், மற்றது அருகிப் போகும். அருகியதை அவ்வயலிலிருந்தே மீட்பது அரிது.

ஆதலால், சொந்த விதையைப் பேணும் விவசாயிகள் கீழ்க்கண்டவற்றைக் கவனித்தல் நலம். வறட்சி வருஷத்தில் முதலில் முற்றிய கதிர்களை மட்டும் விதைக்கு எடுக்கலாகாது. வயலின் நடுவிலிருந்து, நோயற்ற செடிகளாகப் பார்த்து, முந்தியும் இடையிலும் பிந்தியும் பூத்தவற்றில் நூற்றுக்குக் குறையாத கதிர்களை எடுக்கவேண்டும். நல்ல மழை வருஷத்தின் விதையில் ஒரு பங்கை நன்கு உலர்த்திச் சேமித்து வைத்தல் வேண்டும். பஞ்ச காலத்தில் வெளியூர் விதையை வழங்க நேரும்போது, அது எத்தனை நாட்களில் பூப்பது என்பதையும், எந்தப் பட்டத்துக்குரியது என்பதையும் கிராம அதிகாரிகள் முதலில் விசாரித்தறிதல் அவசியம். மழையை நிர்ணயிக்க எவராலும் இயலாது. எம்மழைக்கும் ஓரளவு ஈடுகொடுக்கும் விதையை வைத்திருப்பது விவசாயியின் கையில் உள்ளது.